லில்லி புஷ்பத்துக்கு மிஞ்சின சொல்

உக்காருங்க தம்பி. தூத்துக்குடியில இருந்து பஸ்ஸுலயா வந்திய? வெயில்ல வந்திருக்கிய, முதல்ல தண்ணி குடிங்க. உள்ள பிறகு போவலாம். இப்பந்தான் என் வீட்டுக்காரிக்குக் கஞ்சி குடுத்துப் படுக்க வச்சிருக்கேன்.

நீங்க போன்ல சொன்னது எனக்கு நல்லா விளங்குச்சு. உங்க சபை கன்வென்ஷன் கூட்டத்தோட கடைசி நாளு, மேடையில அவள வீல்சேர்ல உக்கார வைக்கணும், மைக்க வாய்கிட்ட பிடிக்கணும். அவ்வளவுதானே? வேன் அனுப்புதோம்னும் சொன்னிய. உங்க நல்ல மனசு. ஆனா வர முடியாது தம்பி. அதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஏன்னு சொல்லணும்லா? அது போன்ல சொல்லுத விஷயம் இல்ல. அதான் நேர்ல வாங்கன்னேன்.

என் பேரு சத்தியநேசன். குடிநீர் வாரியத்துல பம்ப் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். நாங்க ரெண்டு பேருதான் இந்த வீட்டுல. மக ஹெப்சி ஷார்ஜாவுல இருக்கா, கட்டிக்குடுத்து பதினாலு வருஷம் ஆவுது.

எனக்கு சின்னதுல இருந்தே ஒரு பழக்கம். எங்க அப்பாட்ட இருந்து வந்தது. எது நடந்தாலும் ஆண்டவருக்கு நன்றி, ஸ்தோத்திரம்னு சொல்லணும். நல்லது நடந்தா யாரும் சொல்லிருவான். கெட்டது நடக்கும்போது சொல்லணும், அதுதான் விசுவாசம். சைக்கிள் பஞ்சர் ஆனா ஸ்தோத்திரம். பிரமோஷன் லிஸ்ட்ல பேரு இல்லன்னா ஸ்தோத்திரம். புஷ்பத்துக்கு அது பிடிக்காது. என் வீட்டுக்காரி பேரு லில்லி புஷ்பம். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. நல்லாப் பேசுவா, சண்டையும் நல்லாப் போடுவா. கறிக்கடையில அவ நின்னா கடைக்காரன் எலும்பு போடப் பயப்படுவான். "சோறு குழைஞ்சு போச்சு, அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டு சாப்பிடுங்க"ன்னு என்னைய நக்கல் பண்ணுவா. நான் சிரிச்சுக்கிடுவேன். பக்தி கொஞ்சம் கொறச்சல், ஆனா நல்லவ.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான் தம்பி. ஹெப்சிக்கு மூத்தவன். நேசகுமார்னு பேரு. ஒன்பது வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கொண்டு போய் சேத்தோம், மூளைக் காய்ச்சல்னு சொன்னாவ. நாலு நாள்தான். நாலாம் நாள் மத்தியானம் முடிஞ்சு போச்சு.

மறுநாள் சர்ச்சுல அடக்க ஆராதனை. கோயில் கொள்ளாத கூட்டம். முன்னால பெட்டி வச்சிருக்கு, சின்னப் பெட்டி. அப்ப இருந்த போதகர் ஐயர் ஜெபம் பண்ணி முடிச்சாரு. நான் எந்திச்சேன். யாரும் என்னைய எந்திரிக்கச் சொல்லல, பரிசுத்த ஆவியானவர் எழுப்பின மாதிரி இருந்துச்சு. "ஒன்பது வருஷம் இந்தப் பிள்ளைய எங்களுக்குத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்"னு சொன்னேன். கோயிலே அழுதுச்சு. பிறகு புஷ்பத்தப் பாத்து, "நீயும் சொல்லு"ன்னேன்.

அவ என்னையப் பாத்தா. சொல்லல.

"சொல்லு புஷ்பம். இந்த நேரத்துல சொல்லாட்டா பிசாசு ஜெயிச்சிருவான்"னேன்.

ஐயர், "சத்தியநேசன், விடுங்க, அந்த அம்மா இருக்கட்டும்"னாரு. நான் விடல. அவ முழங்கையப் பிடிச்சு எழுப்பி பெட்டிகிட்ட நிப்பாட்டினேன். பிள்ள முகம் தெரியுது, வெள்ளச் சட்ட போட்டு வச்சிருக்கு. குனிஞ்சு அந்தச் சட்டக் காலரச் சரி பண்ணினா. பிறகு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. "ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். போய் உக்காந்துட்டா.

எங்க சேகரத்துச் சபையில எல்லாம் அந்த அடக்கத்த இன்னைக்கும் பேசுவாவ தம்பி. முப்பத்திமூணு வருஷம் ஆச்சு. எங்கயாவது சாவுன்னா, "சத்தியநேசனும் அவரு வீட்டு அம்மாவும் அன்னைக்கு நின்னாவளே, அது சாட்சி"ம்பாவ. என் வாழ்க்கையில ஆண்டவருக்குன்னு நான் செஞ்ச ஒரே பெரிய காரியம் அதுதான்.

அதுக்குப் பிறகு அவ அந்தச் சொல்லச் சொல்லி நான் கேட்டதில்ல. கோயில்ல எல்லாரும் சேந்து சொல்லும்போது எனக்குப் பக்கத்துல நிப்பா, உதடு அசையாது. நான் கவனிச்சிருக்கேன். அவ சுபாவம் அப்படின்னு விட்டுட்டேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லெந்து காலம், ஈஸ்டருக்கு ஒரு மாசம் இருக்கும். காலையில காப்பி ஆத்திக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சா. டம்ளர் உருளுது, நான் ஓடுதேன். வாய் ஒரு பக்கமா இழுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், பக்கவாதம்னாவ. வலது கை, வலது கால் போச்சு. பேச்சு சுத்தமாப் போச்சு. பதினொரு நாள் ஒரு சத்தம் இல்ல தம்பி. அவ்வளவு பேசின வாய். நான் கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, "ஆண்டவரே, இதுக்கும் ஸ்தோத்திரம்"னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கு வேற ஜெபம் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் காலையில நர்ஸ் ஊசி போட வந்தா. ஊசி ஏறினவுடனே புஷ்பம் வாயைத் திறந்தா. நல்லாத் தெளிவா, கணீர்னு, "ஸ்தோத்திரம்!" அப்படின்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. முப்பத்தோரு வருஷமா சொல்லாதவ. ஊசி குத்துது, அந்த நேரத்துல சொல்லுதா. நான் அந்த வார்டுலயே முழங்கால் போட்டேன். பக்கத்துக் கட்டில் ஆளுக எல்லாம் எட்டிப் பாக்காவ. எனக்கு வெக்கமே இல்ல.

அதுக்குப் பிறகு அவ வாயில அந்த ஒரு சொல்லுதான். வேற எதுவும் வராது. பேரைக் கேட்டாலும் அதுதான். விடிஞ்சா, சாப்பாடு ஊட்டினா, பக்கம் திருப்பிப் போட்டா, எதுக்கும் அதுதான். வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஐயர் வந்தாரு. இவரு இப்ப உள்ள ஐயர், சின்ன வயசு. "அம்மா, எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டாரு. "ஸ்தோத்திரம்"னா. அவருக்குக் கண் கலங்கிருச்சு. "நான் மூணு வருஷம் செமினரியில படிச்சதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு முன்னால ஒண்ணும் இல்ல"ன்னாரு. யாரோ வாலிபர் சங்கத்துப் பையன் அதைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுட்டான். நீங்களும் அதைப் பாத்துத்தானே வந்திருக்கிய?

பிறகு ஆளு வரத் தொடங்கிட்டு. நாசரேத், சாயர்புரம், நாகர்கோவில். வேன் பிடிச்சு வருவாவ. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். அவளால ஆரஞ்சு முழுங்க முடியாது, தெருப் பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். கட்டிலச் சுத்தி நின்னு பாடுவாவ. அவ சொல்லுவா, எல்லாரும் ஆமென்பாவ. இடது கை நல்லா இருந்துச்சுல்லா, அதை வச்சு கட்டில் கம்பியில தட்டுவா. தட், தட், தட்டுன்னு. "பாட்டுக்குத் தாளம் போடுதா பாருங்க"ம்பேன். சனிக்கிழமை தோறும் மூணு மணிக்கு எங்க வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டம்னே ஆயிட்டு.

ஹெப்சி போன்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, "அப்பா, அம்மா முகம் சந்தோஷமா இருக்குத மாதிரி தெரியலயே"ன்னா.

"வாய் கோணி இருக்குல்லா, அதனால அப்படித் தெரியுது"ன்னேன்.

"கண்ணு கோணலப்பா. கண்ணப் பாருங்க"ன்னா.

எனக்குக் கோவம் வந்துட்டு. "பாலைவனத்துல போய் உக்காந்துக்கிட்டு விசுவாசத்த விட்டுட்ட நீ"ன்னு திட்டிட்டு வச்சிட்டேன். ரெண்டு மாசம் அவகூடப் பேசல நான்.

இப்ப சொல்லப் போறதுதான் காரியம். கேளுங்க.

போன ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை. அன்னைக்கு நல்ல கூட்டம், முப்பது பேருக்கு மேல. உள்ள இடம் பத்தாம கட்டிலக் கொஞ்சம் நகட்டி, நாற்காலிய நெருக்கிப் போட்டோம். அவளுக்கு மூத்திரம் போறதுக்கு ட்யூப் போட்டிருந்தாவ. அது கட்டிலுக்குக் கீழ பைக்குப் போகும். மூணு மணிக்குப் பாட்டு தொடங்குச்சு. மூணரை இருக்கும், புஷ்பம் சொல்லத் தொடங்கினா. எப்பவும் ஒண்ணு ரெண்டு தடவைதான் சொல்லுவா. அன்னைக்கு நிறுத்தல. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு கத்துதா. கம்பியில தட்டுதா பாருங்க, கட்டிலே ஆடுது. முகமெல்லாம் வேர்வ. கண்ணுல தண்ணி ஓடுது. கூட்டம் அப்படியே பத்திக்கிட்டு. எல்லாரும் கையத் தூக்கிட்டாவ. ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டா. நாங்க மூணு பாட்டுன்னு வச்சிருந்தது ஒன்பது பாட்டு ஆச்சு. ஐயர் அழுதுக்கிட்டே ஜெபம் பண்ணுதாரு. நான் அவ காதுகிட்டப் போய், "சொல்லு புஷ்பம், இன்னும் சொல்லு"ன்னேன்.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைஞ்சுது. அவ விடாம சொல்லிக்கிட்டே இருக்கா, குரல் கம்மிப் போச்சு. அந்த நேரம் முத்துலட்சுமி வந்தா. அரசாங்க ஆஸ்பத்திரியில இருந்து வாரத்துக்கு ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாக்குத நர்ஸ் பிள்ள. நெத்தியில பெரிசா குங்குமம் வச்சிருப்பா, நம்ம சபைக்காரி இல்ல. வாசப்படியிலயே கேட்டா, "ஐயா, அம்மா ஏன் கத்துறாங்க?"

"கத்தல தாயி, துதிக்கா"ன்னேன்.

அவ செருப்பக் கழத்திட்டு நேரா உள்ள போனா. போர்வைய எடுத்து அடிவயித்துல கை வச்சா. கல்லு மாதிரி இருந்திருக்கு. குனிஞ்சு பைய எடுத்துப் பாத்தா, காலிப் பை. "யாரு இந்த நாற்காலிய இங்க போட்டது?"ன்னு கத்தினா. நாற்காலிக் கால் ட்யூப் மேல நிக்குது தம்பி. அதைத் தள்ளினா. ட்யூப் நசுங்கி ஒட்டிப் போயிருக்கு. வேற ட்யூப் எடுத்து மாத்தினா. முக்கால் லிட்டர் வந்துச்சு, ரத்தம் கலந்து. வர வர புஷ்பத்துக்குச் சத்தம் கொறையுது. கடைசியில கண்ண மூடிக்கிட்டா.

முத்துலட்சுமி கை கழுவிட்டு வந்து, "எத்தனை மணி நேரம்?"னு கேட்டா. நான் சுவர்க் கடிகாரத்தப் பாத்தேன். மூணரையில இருந்து ஆறு வரைக்கும். அவளே கணக்குப் போட்டுக்கிட்டா போல.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கவாதம் வந்தா சில பேருக்கு எல்லாச் சொல்லும் போயி ஒண்ணே ஒண்ணு நிக்கும். அவங்க என்ன சொல்ல நினைச்சாலும் வாயில அதுதான் வரும். எங்க தெருவுல ஒரு பெரியவருக்குக் கெட்ட வார்த்தை ஒண்ணு நின்னு போச்சு. பேத்தியக் கொஞ்சினாலும் அதைத்தான் சொல்லுவாரு. அம்மாவுக்கு இது நின்னுருக்கு. அவ்வளவுதான். தண்ணி வேணும்னாலும் இதுதான், வலிக்குதுன்னாலும் இதுதான், இவங்களை எல்லாம் வெளியில போகச் சொல்லுங்கன்னாலும் இதுதான்."

நான், "அதெல்லாம் விட்டு இது ஏன் நிக்கணும்? ஆண்டவர் கிருபைதானே?"ன்னேன்.

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா"ன்னா.

அந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்ததுன்னு நீங்க கேக்கல. நானே சொல்லுதேன். நான்தான். பாட்டு நடத்துதவன் கட்டிலுக்குப் பக்கத்துலதானே உக்காரணும். முப்பத்தாறு வருஷம் குழாயும் வால்வும் பாத்தவன் தம்பி நான். எங்க அடைச்சிருக்குன்னு சத்தத்த வச்சே சொல்லிருவேன்னு ஆபீஸ்ல பேரு வாங்கினவன்.

அன்னைக்கே காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்துல ஏறிட்டு. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. பிழைச்சா. பிழைச்சான்னுதான் சொல்லணும். முன்ன சாய்ஞ்சாவது உக்காருவா, இப்ப அதுவும் இல்ல. இடது கை கூட சோந்து போச்சு, கம்பியில தட்டுதது இல்ல. டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, இதுக்கு மேல முன்னேற்றம்னு எதிர்பார்க்காதீங்க, பேச்சு வராதுன்னுட்டாரு. சனிக்கிழமைக் கூட்டத்த நிறுத்திட்டேன். ஐயருக்கு வருத்தம். "சாத்தான் தடை பண்ணுறான், நீங்க இடங்குடுக்கிறீங்க"ன்னாரு. நான் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டேன்னு சபையில பேச்சு. இல்ல தம்பி. காலையில எந்திச்சு முழங்கால் போடத்தான் செய்யுதேன். ஸ்தோத்திரம்னு தொடங்குவேன். தொடங்கினா என் சத்தம் எனக்குக் கேக்காது, அன்னைக்கு அவ கத்தின சத்தம் கேக்கும். அப்படியே முழங்கால்ல இருப்பேன். கால் மரத்துப் போனா எந்திச்சுக்கிடுவேன். ஆண்டவருக்குக் குடுக்கதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு, இந்த ஒண்ணுதான் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

முத்துலட்சுமிதான் ஒரு வழி சொல்லிக் குடுத்தா. இடது கையப் பிடிச்சுக்கிட்டு கேளுங்கன்னு எங்கிட்டச் சொன்னா, அவகிட்ட, ஆமான்னா அமுக்குங்கம்மா, இல்லன்னா சும்மா இருங்கன்னா. முதல்ல நம்பல. "புஷ்பம், தண்ணி வேணுமா?"ன்னேன். லேசா அமுக்கினா. ஒண்ணரை வருஷம் கழிச்சு என் பொண்டாட்டி எங்கிட்டப் பேசுதா! ஃபேன் போடவா? சும்மா இருந்தா. வலிக்கா? அமுக்கினா. அன்னைக்கு முழுக்க கேட்டுக்கிட்டே இருந்தேன், பச்சப்பிள்ள மாதிரி. பாட்டு போடவான்னு கேட்டேன். சும்மா இருந்தா. ஐயர வரச் சொல்லவா? அதுக்கும் சும்மா இருந்தா. ஹெப்சிய வரச் சொல்லவான்னதுக்கு அமுக்கினா. ஹெப்சிக்குப் போன் போட்டேன். நடந்தது எல்லாத்தையும் சொன்னேன். அவ அழுதா. லீவு கெடைக்கல, டிசம்பர்ல பாக்கேன்னா. டிசம்பரும் போச்சு.

பொங்கலுக்கு முந்தி ஒரு நாள், சாயங்காலம். தலை சீவி விட்டுக்கிட்டு இருந்தேன். முடியெல்லாம் கொட்டிப் போச்சு, எலிவால் மாதிரி ஒண்ணு பின்னி விடுவேன். என்னமோ தோணுச்சு. கையப் பிடிச்சுக்கிட்டு, "புஷ்பம், உனக்கு ஆண்டவர் மேல கோவமா?"ன்னு கேட்டேன். கை சும்மா இருந்துச்சு. எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? இத்தனை பாடு பட்டும் அவர் மேல கோவம் இல்ல. பிறகு சும்மா, விளையாட்டுக்குத்தான் கேட்டேன், "அப்ப என் மேலயா?"

அமுக்கினா தம்பி. நகம் உள்ள இறங்குத மாதிரி. நான் கைய எடுக்கப் பாத்தேன், விடல. எவ்வளவு நேரம்னா, அடுத்த வீட்டுல குக்கர் வச்சு இறக்கிட்டாவ, அதுவரைக்கும் விடல. சோந்து போன கையில அவ்வளவு பலம்! அடுத்த தடவ டாக்டர்ட்ட போனப்ப, இடது கையில நல்ல பலம் வந்திருக்குன்னு சொன்னேன். சந்தோஷம்னாரு.

எதுக்குக் கோவம்னு அவகிட்டக் கேக்க முடியாது. கேட்டா சொல்லுததுக்குச் சொல் வேணுமே. ஆமா, இல்லன்னு சொல்லுத மாதிரி நான்தான் ஒவ்வொண்ணாக் கேக்கணும். அந்த நாற்காலியத்தான் முதல்ல கேட்டேன். அதுதான்னு எனக்கு நிச்சயம். "ட்யூப் மேல நாற்காலியப் போட்டேனே புஷ்பம், அதுவா?"ன்னேன். கை அசையல. அதை மன்னிச்சுட்டா போல. அழுதுட்டேன் நான்.

அதுல இருந்து தினமும் ஒண்ணு கேக்கேன். நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம், எங்க இருந்து தொடங்க? உங்க அம்மா செத்ததுக்கு ஒரு நாள் பிந்திக் கூட்டிட்டுப் போனேனே, அதுவா? இல்ல. உன் தையல் மிஷினக் கேக்காம எங்க அக்காவுக்குத் தூக்கிக் குடுத்தேனே, அதுவா? இல்ல. ஹெப்சிய அவ்வளவு தூரத்துல குடுத்ததா? இல்ல. நேத்து, கல்யாணமான புதுசுல, குழம்புல உப்பு கூடிட்டுன்னு தட்டத் தள்ளி விட்டதக் கேட்டேன். அதுவும் இல்ல. எனக்கு ஞாபகம் உள்ள தப்பு எல்லாம் கேட்டாச்சு தம்பி. இனி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல.

ஒவ்வொரு நாளும் கேட்டு முடிச்ச உடனே, என் முகத்தையே பாத்துக்கிட்டு அந்தச் சொல்லச் சொல்லுவா. இப்பக் குரல் இல்ல, காத்துதான் வரும், அன்னைக்குப் பெட்டிகிட்ட நின்னு சொன்ன மாதிரி மெதுவா. நேத்தும் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. தண்ணி கேக்காளோன்னு டம்ளர எடுத்து வாய்கிட்ட பிடிச்சேன். வாயத் திறக்கல.